பெண் மூலம் நிர்மூலம், எட்டாம் நம்பர் ஆகாது: ஆர் கட்டிவிட்ட கதை இது?

மாமாங்கத்தான்:
என்ட தங்கச்சிக்கு பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் ஒண்டு போன கிழமை முறிஞ்சிட்டு. அவள் மூல நட்சத்திரமாம். "பெண் மூலம் நிர்மூலம்" எண்டு மாப்பிள்ளைட அம்மா சொல்லிப்போட்டு எழும்பிட்டா. இதுல பகிடி என்னெண்டா மாப்பிள்ளையும் மூலந்தான், அத வந்த முதல் நாளே "ஆண் மூலம் அரசாளும்" எண்டு நெஞ்ச நிமித்திச் சொன்னவங்க. போதாக்குறைக்கு வாசல்ல நிண்ட என்ட மோட்டார் சைக்கிள் நம்பரயும் கூட்டிப் பாத்து எட்டு வருது, சனியன்ட நம்பர் எண்டு முணுமுணுப்பு வேற. கோவத்த விடுங்க, இந்தப் பழமொழியெல்லாம் எங்க இருந்து முளைச்சது, ஆருக்கும் தெரியுமா?

வாவிக்கரை:
இதுல கிரகமும் இல்ல ஒண்டும் இல்ல தம்பி, எல்லாம் எதுகை. மூலம் எண்டா வேர், நிர்மூலம் எண்டா வேரோட இல்லாம போறது, அந்த ரெண்டு சொல்லும் பொருந்தி வந்ததுதான் உங்கட தங்கச்சி செய்த குற்றம். மத்ததுகளயும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: பரணி தரணி ஆளும், பூராடம் நூலாடாது, அவிட்டத்தில பொண்ணு பிறந்தா தவிட்டுப் பானையும் பொன். பூராடம் "நூலாடாது" எண்டு முடியாம வேற ஓசையில முடிஞ்சிருந்தா எத்தின பொம்புளப் பிள்ளைகளுக்கு நேரத்தோட தாலி ஏறியிருக்கும். கேட்டை இன்னும் மோசம், அதுட வடமொழிப் பேர் ஜ்யேஷ்டா, மூத்தது எண்டு அர்த்தம், உடன மூத்த மச்சானுக்கு ஆகாது எண்டு கட்டிப்போட்டாங்க. சீனாக்காரனும் இதத்தான் செய்யிறான், அவன்ட பாசையில நாலு எண்ட சத்தமும் சாவு எண்ட சத்தமும் கிட்டக் கிட்ட, எட்டு செல்வத்துக்குரிய சொல்லு மாதிரிக் கேக்கும். அதுக்காகவே பெய்ஜிங் ஒலிம்பிக்க 2008 ஆகஸ்ட் 8ம் திகதி ராவு 8 மணிக்கு துவங்கினவன். அவனுக்கு செல்வம், உங்கட பைக்குக்கு சனியன்.

சாத்திரியார் மருமகன்:
வாவிக்கரை, வாய்க்கு வந்தபடி எழுதாதீங்க. பழமொழி பாமர சனம் ஞாபகத்தில வைக்கிறதுக்கு கட்டினது, அதுக்குப் பின்னால கணக்கு இருக்கு. கேட்டை முடிஞ்சு மூலம் துவங்கிற இடம் விருச்சிகமும் தனுசும் சந்திக்கிற சந்தி, அத கண்டாந்தம் எண்டு சொல்லுவம். ஆயிலியம் மகம், ரேவதி அசுவினி, அதுகளும் அப்படித்தான். தோசம் அந்தச் சந்தியில பிறந்தாக்களுக்கு மட்டும், மூலம் முழுக்க இல்ல. மறுகா அந்தப் பழமொழியும் பிழையாச் சொல்றது. அது "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்". ஆனிப் பறுவம் மூலத்தை ஒட்டி வரும், அதத்தான் சொன்னது. ஆனி ஆணாப் போச்சு, பின் பெண்ணாப் போச்சு.

மாமாங்கத்தான்:
அண்ணே அப்ப சந்தியில பிறந்த ஆம்புளைக்கும் அதே தோசந்தானே? அவனுக்கு மட்டும் எப்படி அரசாளும்?

சாத்திரியார் மருமகன்:
அவனுக்கும் இருக்கு மனே. அந்த வீட்டாக்கள் சாத்திரம் தெரியாம கதைச்சிருக்காங்க. அதுக்கு சாத்திரத்த ஏசலாமா?

வாவிக்கரை:
ஆனிதான் ஆணாப் போச்சு எண்டுறதும் பிறகு ஆரோ ஒட்டுப்போட்டது மாதிரித்தான் எனக்குப் படுது, பழைய ஏட்டில காட்டுங்க கையெடுத்துக் கும்பிடுறன். ஆனா ஒண்டு ஒத்துக்கொள்றன், ஏழரை எண்ட சொல்லுக்கு கணக்கு இருக்கு. சனி ஒரு சுத்து வர கிட்டத்தட்ட இருபத்தொம்பதரை வருசம், பன்னெண்டு ராசிக்குப் பிரிச்சா ஒண்டுக்கு ரெண்டரை, நம்மட ராசியும் முன்னுக்குப் பின்னுக்கு ஒவ்வொண்டும் சேத்து மூணு ராசி, ஏழரை வருசம். ஏழரை வருசம் கஸ்டமே வராத மனிசன் ஆரு, அதால அது எப்பவும் பலிக்கும்.

சாத்திரியார் மருமகன்:
ஒத்துக்கொண்டீங்களே, போதும். எட்டு சனிக்கு உரியது எண்டதும் அப்படிப் பழைய கணக்குத்தான்.

வாவிக்கரை:
இல்லவே இல்ல. கோயில்ல நவக்கிரகம் எண்ணிப் பாருங்க, சூரியன் சந்திரன் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி சனி, சனி ஏழாவது. எட்டாவது ராகு. எட்ட சனிக்கு குடுத்துப் பரப்பினது கீரோ எண்டு பேர் வச்சுக்கொண்ட அயர்லாந்துக்காரன், சொந்தப் பேர் வில்லியம் ஜோன் வார்னர், 1866ல பிறந்து 1936ல செத்தவன். அவன்ட பட்டியல்ல நாலு யுரேனசுக்கு, ஏழு நெப்டியூனுக்கு. யுரேனஸ் கண்டுபிடிச்சது 1781, நெப்டியூன் 1846. அப்ப இது என்ன பழைய கணக்கு? கண்ணன் எட்டாம் பிள்ளை, லெச்சுமி எட்டுப் பேர், அதெல்லாம் மறந்து போச்சா?

சாத்திரியார் மருமகன்:
கண்ணன் பிறந்து மாமனுக்கு ஆகல்லையே 😄

கல்முனை காக்கா:
சண்டைக்குள்ள வாறதுக்கு மன்னிக்கணும். எங்கட பக்கம் கடை போர்டு, லொறி எல்லாத்திலயும் 786 ஈக்கும், அத நிறையப் பேர் லக்கி நம்பர் எண்டு நினைக்கிற. அப்படி இல்ல. அரபி எழுத்துக்கு ஒவ்வொண்டுக்கும் ஒரு பெறுமதி ஈக்கு, அலிஃப் 1, பே 2, ஜீம் 3 எண்டு போகும், அப்ஜத் எண்டு செல்ற. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் முழுக்கக் கூட்டினா 786. எழுதின தாள் காலடியில விழக்கூடா எண்டு இலக்கத்தில எழுதின. இப்ப மௌலவிமார் அதுவும் தேவயில்ல எண்டு செல்றாங்க, ஆனா வாப்பாட கடையில இன்னும் கழட்டல்ல.

போடியார் பேரன்:
நீங்க எல்லாரும் வானத்தையே பாக்கிறீங்க, நெல் சூடடிக்கிற களவெட்டிக்குள்ள வாங்க. என்ட அம்மப்பா மரைக்காலால நெல் அளக்கக்குள்ள முதலாவத ஒண்டு எண்டு சொல்லவே மாட்டார், "லாபம்" எண்டுதான் துவங்குவார், மறுகாதான் ரெண்டு மூணு. அங்க குவிஞ்சு கிடக்கிறது நெல் இல்ல, "பொலி". குறைஞ்சு போச்சு, முடிஞ்சு போச்சு எண்ட சொல்லு ஆர் வாயிலயும் வரக்கூடா. வெள்ளம் அடிச்சா, யானை இறங்கினா ஆறு மாத உழைப்பு ஒரு ராவில போற சனம், வேற என்னத்தில பிடிமானம் வைக்கும். இப்ப மெசின் வந்து வயலுக்குள்ளயே மூட்டையாக்கித் தந்திட்டுப் போகுது, அது லாபமும் சொல்லாது பொலியும் சொல்லாது.

நரிக்கொம்பு கதையும் ஒண்டு கிடக்கு. ஆருக்கும் காரியம் கைகூடினா நரிக்கொம்பு வச்சிருக்கியா எண்டு கேப்பம்தானே, 1840களில இலங்கையில பெரிய உத்தியோகம் பாத்த எமர்சன் டெனன்ட் துரை 1861ல வந்த தன்ட புத்தகத்தில அதப் பத்தி எழுதியிருக்கார், வச்சிருந்தா கோட்டு வழக்கு வெல்லுமாம். ஆனா நம்மட ஆக்களே சொன்னதுதானே, நரி இடம் போனா என்ன வலம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காட்டிச் சரி எண்டு.

வாவிக்கரை:
லாபம் கதை நல்லம். அது எதுகையில வரல்ல, பயத்தில வந்தது. என்ட கட்சிய கொஞ்சம் மாத்திறன்.

மூலக்காரி:
நான்தான் அந்தத் தங்கச்சி. அண்ணா இஞ்ச வந்து புலம்புறது இப்பதான் கண்ணில பட்டுது. எனக்கு ஒரு கவலையும் இல்ல, அந்த மாப்பிள்ளை முழு நேரமும் போனத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். ஆனா அம்மம்மா மூலத்தையும் நம்பல்ல எட்டையும் நம்பல்ல, அண்ணா குறிப்பு கொண்டுபோன நாள் அட்டமி, அதான் எல்லாம் பிழைச்சது எண்டு அவர ஏசிக்கொண்டிருக்கா.

சாத்திரியார் மருமகன்:
அட்டமியில ஆர் மனே குறிப்பு கொண்டுபோறது!