கிருமியே இல்லாத இடத்தில் வாழ்ந்தால் உடம்பு என்னவாகும்?

வெண்மதி:
நோயே வராது, ஆயுளும் கூடும் என்றுதான் நினைக்கிறேன். கிருமி படாமல் வளர்த்த எலிகள் சாதாரண எலிகளைவிட அதிக நாள் வாழ்ந்ததை 1960-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். மனிதனுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

குடல்தோழன்:
அந்த எலிகளின் வயிற்றுக்குள் இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள பை பல மடங்கு ஊதிக் கிடக்கும். குடல் சளியைச் சிதைக்க பாக்டீரியா இல்லை, அதனால் சளியும் நீரும் தேங்கிவிடும். சில எலிகள் அந்தப் பை முறுக்கிக்கொண்டே சாகும். எதிர்ப்பாற்றலுக்கு உதவும் குடல் சுவரின் நிணநீர்த் திட்டுகள் அரைகுறையாக நிற்கும். தீவனத்தில் வைட்டமின் கே சேர்க்காவிட்டால் ரத்தம் உறையாது. இவ்வளவுக்கும் அவை மற்ற எலிகளைவிடக் கூடுதலாகத் தின்றும் கொழுப்பு குறைவாகவே சேரும். நாம் உண்ணும் நார்ச்சத்தைக் குடல் சுவருக்கு உணவாக மாற்றித் தருவதே பாக்டீரியாதான்.

வெண்மதி:
வைட்டமினை மாத்திரையாகக் கொடுக்கலாமே. என் மகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியபோது ஐந்து வாரம் தனி அறையில் இருந்தோம். செருப்பை வெளியே விட்டு, முழங்கை வரை கழுவி, கவுன் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன். அவளுடைய துணி பொம்மையைக்கூட உள்ளே விடவில்லை. அந்த அறைதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது.

குடல்தோழன்:
அதில் எனக்கு மறுப்பே இல்லை அக்கா. ஆனால் அங்கேயும் அவள் உடம்பில் பாக்டீரியா இருந்தது. அமெரிக்காவில் 1971-இல் பிறந்த டேவிட் வெட்டருக்குப் பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் கிடையாது. 12 வயது வரை பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்த்தார்கள், அங்கும் சில பாக்டீரியா புகுந்தன. கடைசியில் அவனுடைய சொந்த அக்காவிடமிருந்து எடுத்து அவனுக்குச் செலுத்திய மஜ்ஜையில் உறங்கிக் கிடந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் புற்றுநோயை உண்டாக்கி, 1984-இல் இறந்துபோனான். பழக்கமில்லாத உடம்பு ஒரு கிருமிக்கே தோற்றுவிடும்.

முல்லை:
இந்த உதாரணம் பொருந்தாது. அவனுக்குப் பிறவிக் குறை. நல்ல உடம்போடு பிறந்தவர் அப்படி வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

குடல்தோழன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன், அது எதிர்ப்பாற்றல் இல்லாத உடம்பின் கதைதான். எலிகளையே எடுத்துக்கொள்வோம். பிறவிக் குறை இல்லாத எலிகளுக்குத்தான் நிணநீர்த் திட்டுகள் வளரவில்லை. சாதாரண பாக்டீரியாவைக் குடலில் விட்டதும் அவை வளரத் தொடங்குகின்றன.

முல்லை:
இது ஏற்கும்படி இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லிக் கை கழுவுவதை யாரும் விட்டுவிடக் கூடாது. 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் தன் மருத்துவமனையின் மருத்துவர்களைக் கை கழுவ வைத்ததும் பிரசவ மரணங்கள் சட்டென்று குறைந்தன. நோய்க்கிருமியைத் தடுப்பது வேறு, எல்லாக் கிருமியையும் ஒழிப்பது வேறு.

வெண்மதி:
நீங்கள் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மஜ்ஜை மாற்றியதில் அவளுடைய பழைய எதிர்ப்பாற்றல் அழிந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசிகளை இப்போது முதலிலிருந்து போடுகிறோம். அடுத்த வாரம் அடுத்த ஊசி. அப்புறம் எப்போது மண்ணில் விளையாட விடலாம் என்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.