மாமா கொடுத்த டூப்ளிகேட் வாட்சும் சேகரிப்பாளர்களின் முகச்சுளிப்பும்

கேள்வி – பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா, முன்னொரு காலத்தில் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ‘ரோலக்ஸ் சப்மரீனர்’ வாட்சை என் திருமணத்தன்று எனக்குக் கட்டிவிட்டார். அது டூப்ளிகேட் என்பது அவருக்கும் தெரியும், எங்கள் உறவினர் அனைவருக்கும் தெரியும். இப்போது எனக்கு எச்எம்டி வாட்சுகளைச் சேகரிப்பதில் ஆர்வம் வந்திருக்கிறது. அண்மையில் பெரம்பூரில் சேகரிப்பாளர்கள் சிலர் கூடிய இடத்துக்கு மாமாவின் வாட்சைக் கட்டிக்கொண்டு போனேன். மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மேசைமேல் வைக்க வேண்டாம்” என்றார். விற்கும் எண்ணமே இல்லாதவன்மீது ஏன் இவ்வளவு வெறுப்பு? அதே மேசையில், நேற்று அச்சடித்ததைப்போல் பளபளக்கும் டயலுடன் எச்எம்டி பைலட் வாட்சுகள் இருந்தனவே, அவற்றை ஏன் யாரும் எதுவும் சொல்லவில்லை? இத்தகைய வாட்சை வைத்திருப்பது சட்டப்படி குற்றமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – ராயபுரம்வாசி

நண்பருக்கு வணக்கம். அந்தப் பெரியவர் சொன்ன விதம் உங்களைப் புண்படுத்தியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. அத்தகைய கூட்டங்களில் மேசைமேல் வைக்கப்படும் வாட்சுகள் கைமாறும், மாற்றிக்கொள்ளப்படும், சில சமயம் அங்கேயே விலை பேசப்படும். அங்கே வைத்த பொருள் ஒரிஜினல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்றாலும், எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மாமா வாங்கிய காலத்து டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. பெரும்பாலானவற்றில் பேட்டரி மெஷின்தான் இருக்கும். வினாடி முள் நொடிக்கொரு முறை துள்ளும். ரோலக்ஸ் 1977 முதல் ‘ஆயிஸ்டர்குவார்ட்ஸ்’ என்ற பேட்டரி வாட்சையும் செய்தது உண்மைதான், ஆனால் சப்மரீனரில் ஒருபோதும் பேட்டரி வந்ததில்லை. தேதியின்மேல் உள்ள சிறு லென்ஸ் ஒரிஜினலில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பழைய டூப்ளிகேட்டுகளில் அது வெறும் கண்ணாடிக் குமிழாகவே இருக்கும். இப்போது வருபவை அப்படியல்ல. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் மெஷின், வினாடி முள் துள்ளாமல் வழுக்கிச் செல்லும்படி மணிக்கு 28,800 துடிப்பு, டயலைச் சுற்றிச் செராமிக் வளையம், சரியான எடை என்று எல்லாவற்றையும் பொருத்தி விடுகிறார்கள். ரோலக்ஸின் சொந்த மெஷினைப் பார்த்தே அதன் சாயலில் செய்யப்பட்ட மெஷின்கள்கூடச் சீனாவிலிருந்து வருவதால், பின்மூடியைத் திறந்து பார்த்தாலும் பழக்கமில்லாத கண் ஏமாந்துவிடும். இதனால் பல ஆண்டுகள் சேமித்து உண்மையானதை வாங்கியவரும், “பர்மா பஜாரா சார்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சேகரிப்பாளர்களின் எரிச்சலில் பாதி இதுதான். அது உங்கள்மீது கொண்ட வெறுப்பு அன்று.

பதில் – சௌகார்பேட்டை மெக்கானிக்

ஐயா, நீங்கள் கேட்ட பைலட் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் நம் ஊரில் உண்மையில் பணம் இழப்பவர்கள் ரோலக்ஸில் இழப்பதைவிட இதில்தான் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை, 2016இல் முற்றிலும் நின்றுபோனது. அதன்பின் பழைய வாட்சுகளுக்குக் கிராக்கி கூடியது. சேகரிப்பாளர்கள் எச்எம்டியின் இன்னொரு வகையான ஜனதாவைவிடப் பைலட்டை அதிகம் தேடுகிறார்கள் என்பதால், சாவி கொடுக்கும் ஒரு சாதாரண வாட்சை எடுத்து, டயலைச் சுரண்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, ‘பைலட்’ என்று அச்சிட்டு, பெட்டியில் வைத்து, “கடையில் விற்காமல் கிடந்த பழைய சரக்கு” என்று சொல்லி விற்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்தின் ஓரம் மை பரவித் தடித்திருக்கும், கோடுகள் ஒரே சீராக இருக்காது, முட்களில் பூசிய ஒளிப்பூச்சு மங்கிப்போயிருக்க டயலில் உள்ளது மட்டும் புதிதாக மின்னும், கேஸின் (வாட்சின் உலோக உடலின்) விளிம்புகள் பாலிஷ் ஏறி மழுங்கியிருக்கும். தொழிற்சாலை வெளியிடாத நிறங்களில்கூட டயல் வருகிறது. அதையும் அரிய வகை என்று நம்பி வாங்குகிறார்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கடலோர ஊரில் உப்புக்காற்றும் ஈரமும் டயலைப் புள்ளிபுள்ளியாகக் கெடுத்துவிடும். ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து வரும் வாட்சுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கெட்டுப்போன தன் தகப்பனார் வாட்சுக்கு டயல் எழுதித் தரச் சொல்லி வருபவர்களுக்கு அதைச் செய்து கொடுப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அதில் மோசடி எதுவுமில்லை. அந்த வாட்சே பின்னர் “ஒரிஜினல் டயல்” என்ற பெயரில் விலைக்கு வரும்போதுதான் அது போலியாகிறது.

பதில் – பாரிமுனை குமாஸ்தா

சட்டக் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டின் வர்த்தகக் குறிகள் சட்டத்தில் 103, 104ஆம் பிரிவுகள் போலிக் குறியிடுவதையும், அத்தகைய பொருளை விற்பதையும், விற்பதற்காக வைத்திருப்பதையும் குற்றமாக்குகின்றன. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தன் கையில் கட்டிக்கொள்வதற்காக வைத்திருப்பது இவற்றுக்குள் வராது. ஆனால் டூப்ளிகேட் என்று வெளிப்படையாக அறிவித்து இணையத்தில் விற்றாலும் விற்பனை விற்பனைதான்; வாங்குபவருக்குத் தெரியும் என்பது உங்களைக் காப்பாற்றாது. வெளிநாடு போகும்போது கட்டிக்கொண்டு போகாதீர்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல், தனிப்பட்ட பயணியின் கையில் இருக்கும் போலிப் பொருளையும் சுங்கத் துறை பறிமுதல் செய்யலாம். இத்தாலியில் வாங்கியவருக்கே அபராதம் உண்டு. (உயர் நீதிமன்ற வாசலிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் பர்மா பஜார் வந்துவிடும் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.)

பதில் – வியாசர்பாடி வாசகன்

ராயபுரம் நண்பர் சொன்னதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. ஏமாற்றுதான் பிரச்சினை என்றால், மெக்கானிக் ஐயா விவரித்த அந்தப் பைலட்டுகளைத்தான் முதலில் பைக்குள் போடச் சொல்லியிருக்க வேண்டும். அவற்றின் சொந்தக்காரர்கள் கூட்டத்தில் செல்வாக்குள்ளவர்கள் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. விலை உயர்ந்த பொருளை வைத்திருப்பதன் பெருமிதம், பிறருடைய வாட்சை எடைபோடும் உரிமையாகச் சிலரிடம் மாறிவிடுகிறது. இருந்தாலும், அந்தத் தோற்றம் மட்டும் பிடித்து வாங்க நினைப்பவர்களுக்கு, இன்விக்டா ப்ரோ டைவர் போலச் சப்மரீனரின் சாயலில் தன் சொந்தப் பெயருடன் வரும் வாட்சுகள் கிடைக்கின்றன. அவற்றைச் சேகரிப்பாளர்களில் பலர் விரும்பாவிட்டாலும் போலி என்று சொல்வதில்லை. இன்னொருவர் பெயரை டயலில் போடுவதை நானும் ஆதரிக்கவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்

அனைவருக்கும் நன்றி. இனிக் கூட்டங்களுக்கு என் ஜனதாவைக் கட்டிக்கொண்டு போகிறேன். மாமா வீட்டு விசேஷங்களுக்கு அவர் கொடுத்ததைக் கட்டிக்கொள்வேன். இப்போது அது நின்று கிடக்கிறது. டூப்ளிகேட்டை ரிப்பேருக்கு எடுத்துக்கொள்வீர்களா, மெக்கானிக் ஐயா?

சௌகார்பேட்டை மெக்கானிக்

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் தொடாது. எங்களைப் போன்ற கடைகளில் தாராளமாகச் செய்வார்கள். பழைய பேட்டரியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், கசிந்தால் மெஷினைத் தின்றுவிடும். மெஷினே போயிருந்தாலும் கவலையில்லை, மலிவான பேட்டரி மெஷின் ஒன்றை மாற்றிவிடலாம். டயலில் 300 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பி அதைக் கட்டிக்கொண்டு குளிக்க மட்டும் வேண்டாம்.