ராயபுரம் பழைய வீடு: பெயின்ட், பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசற மாவு) எவ்வளவு வாங்கணும்?

கேள்வி: ரூம் 12க்கு 10 அடி, உயரம் 10 அடி. ஒரு கதவு (7க்கு 3), ஒரு ஜன்னல் (4க்கு 4). பழைய சுண்ணாம்புச் சுவர், கீழே உப்பு பூத்திருக்கு. கணக்கு எப்படிப் போடறது?

பதில் 1: சுற்றளவு 44 அடி. உயரம் 10ஆல் பெருக்கினா 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16 கழிச்சா 403. சீலிங் 120 தனி. ரெண்டு கோட் எமல்ஷனுக்கு (தண்ணி கலந்து அடிக்கற பெயின்ட்) லிட்டருக்கு 120 சதுர அடின்னு வெச்சா சுவருக்கு 3.4 லிட்டர், 4 லிட்டர் டப்பா போதும். பட்டி ரெண்டு கோட்டுக்கு கிலோவுக்கு 12 சதுர அடி, அதாவது 34 கிலோ. 40 கிலோ மூட்டை ஒண்ணு.

பதில் 2: சார் சொன்னது சமமான சுவருக்கு. பழைய வீட்டுல எதிரெதிர் சுவரே ஒரே அளவுல இருக்காது, நாலையும் தனித்தனியா டேப் பிடிங்க. மேடுபள்ளம் இருந்தா பட்டி ஒண்ணரை மடங்கு இழுக்கும்.

உப்புதான் முக்கியம். அதுமேலயே பட்டி பார்த்தா சில மாசத்துல பொரிஞ்சு உதிரும். ஈரம் எங்கிருந்து வருதுன்னு பார்த்து முதல்ல அதை நிறுத்துங்க. அப்புறம் சுண்ணாம்பைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, நல்லா காயவிடுங்க. கழுவாதீங்க, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போயிடும். இந்த உப்புச் சுவர் வேலைக்கு, தரையிலிருந்து 3 அடி உயரத்துக்குத் தனிக் கணக்கு: கதவு போக 41 × 3 = 123 சதுர அடி.

பதில் 3: கூலி பேசும்போது கதவு ஜன்னலைக் கழிப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்குங்க அண்ணே. பலபேர் கழிக்கமாட்டாங்க.