தென்மேற்கு பொலிவியாவில் கூடாரம் போட்டுத் தங்கிய அனுபவம்

தென்மேற்கு பொலிவியாவுக்கு வண்டியில் போய்க் கூடாரம் போட நினைப்பவர்கள் பொலிவியாவின் உயுனி என்ற ஊர்ப் பக்கமிருந்து உள்ளே போங்கள். சிலியின் சான் பெட்ரோ தெ அத்தகாமா 2,400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் அன்று ராத்திரியே 4,300 மீட்டரில் படுக்க வேண்டிவரும். தலைவலியும் குமட்டலும் ஆளைப் புரட்டிவிடும். உயுனி 3,650 மீட்டர். அங்கே சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு மெல்ல ஏறலாம். பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தோம் என்பதைவிட, எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

நானும் நண்பரும் போனது ஜூலையில். அங்கே அது குளிர்காலம், மழை கிடையாது. மதியத்துக்கு மேல் எழும் காற்றில் கூடாரத்தை விரிக்கவே முடியாது. இருட்டியதும் காற்று அடங்கும், குளிர் இறங்கும். மைனஸ் 15 டிகிரி அங்கே சாதாரணம். லாமா என்கிற ஒட்டக இன விலங்கை மேய்ப்பவர்கள் கட்டிய கற்சுவர்ப் பட்டிகள் ஆங்காங்கே உண்டு. கெத்தேனா சிக்கோ கிராமத்துக்கு அருகே அப்படி ஒரு பட்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டு சுவரோரம் தங்கினோம்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள். எங்கள் குக்கர் விசில் அடித்ததும் பட்டிக்கார அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவர் வீட்டிலும் குக்கர்தானாம். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் சூப் வந்தது. அதில் கறுப்பாக, கூழாங்கல் அளவில் ஏதோ மிதந்தது. சுன்யோ என்றார். உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பது. வருடக்கணக்கில் கெடாது. மிதிப்பதை அவரே எழுந்து நின்று செய்து காட்டினார். கடித்தால் மண்வாசனை, கொஞ்சம் ரப்பர் மாதிரி. எனக்குப் பிடித்துப்போனது. பதிலுக்கு எங்கள் பருப்புச் சாதத்தைக் கொடுத்தோம், மிளகைக் கடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்!

லகுனா கொலராதாவுக்கு விடிகாலையில் போனோம். பாசியாலும் வண்டலாலும் சிவந்த ஏரி அது, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளாக வெண்காரம். ஓரமெல்லாம் உறைந்திருந்தது. வெயில் ஏற ஏறப் பூநாரைகள் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தன. அழிந்துவிட்டதாகப் பல காலம் நம்பப்பட்டு, 1950களில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட ஜேம்ஸ் பூநாரையும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அலகின் மஞ்சளை வைத்து அடையாளம் காணலாம். தயவுசெய்து கிட்டே போகாதீர்கள். அந்த உயரத்தில் அவை ஒருமுறை வீணாகப் பறந்தாலே உடம்புச் சக்தி நிறையச் செலவாகிவிடும்.

அங்கே சந்தித்த ஜீப் டிரைவர் ஒருவர் சொன்ன யோசனை ரொம்ப உதவியது: ராத்திரி வண்டியை நிறுத்தும்போது முகப்பு கிழக்கே பார்க்கட்டும், முதல் வெயில் எஞ்சின்மேல் விழும். குளிரில் டீசல் கெட்டியாகிவிடும், வெயில் ஏறும்வரை ஸ்டார்ட் பண்ண முயன்று பேட்டரியைத் தீர்க்காதீர்கள் என்றார். சின்ன கேஸ் கேனை நம்புகிறவர்கள் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், இல்லையென்றால் காலையில் டீகூடப் போட முடியாது. அப்புறம், வண்டியின் டேங்கையும் டீசல் கேன்களையும் உயுனியிலேயே நிரப்பிவிடுங்கள். தெற்கே போகப் போக ஒழுங்கான பங்க் கிடைப்பது கஷ்டம், கிராமங்களில் பெரும்பாலும் பீப்பாயிலிருந்து ஊற்றித் தருவதுதான்.