மறு: 'கோ-ரிசர்ச்சர்' – அந்த அம்மாவுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

முதியோர் தடுமாறி விழுவதைப் பற்றிய ஆய்வுக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'கோ-ரிசர்ச்சர்' (co-researcher), அதாவது ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆய்வை நடத்தும் பொதுமக்கள், வரும் இடத்தில் நிற்கிறேன். 'பங்கேற்பாளர்' ஆகாது, அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, கேட்டதற்குப் பதில் சொல்பவர். இவர்களோ கேள்வியையே மாற்றுகிறார்கள். 'கடந்த 6 மாதங்களில் கீழே விழுந்தீர்களா?' என்றிருந்ததை 72 வயது அம்மா ஒருவர் பென்சிலால் அடித்துவிட்டு 'விழப்பார்த்தீர்களா?' என்று எழுதினார். "விழுந்தேன்னு சொன்னா பிள்ளைங்க வெளியே விடமாட்டாங்க, யார் ஒத்துக்குவா?" என்றார். இவரை என்னவென்று சொல்வது?

---

'இணை ஆய்வாளர்' போதுமே, தம்பி. படித்தவுடன் புரியும்.

---

> படித்தவுடன் புரியும்

புரியும், காவல்துறைப் பதவி என்று! இணைப் பேராசிரியர், இணை இயக்குநர் என்று எழுதியெழுதி 'இணை' ஒரு படி கீழே இறங்கிவிட்டது. 'பங்காளி' சொத்து வழக்கு, 'கூட்டாளி' திருட்டு வழக்கு. என் பரிந்துரை 'உசாத்துணை'. உசாவுதல் என்றால் கலந்து ஆராய்தல்.

---

ஐயா, உசாத்துணையை நூற்பட்டியலுக்குக் கொடுத்தாயிற்று. அந்த அம்மாவை அடிக்குறிப்பாக்கிவிடாதீர்கள்.

நான் 'உடனாய்வாளர்' என்பேன். பிரிட்டனில் 1996-இல் தொடங்கிப் பின்னர் 'இன்வால்வ்' எனப் பெயர் பெற்ற அமைப்பு, ஆய்வு மக்களைப் பற்றியோ மக்களுக்காகவோ அல்ல, மக்களோடு அல்லது மக்களால் நடக்கவேண்டும் என்றது. ஒடு, ஆல் இரண்டும் நம் மூன்றாம் வேற்றுமை! 'மக்களை', 'மக்களுக்கு' என்று இரண்டாம், நான்காம் வேற்றுமைகளில் கிடந்தவர்களை மூன்றாவதற்கு ஏற்றுவதுதான் இங்கே முழு வேலையும். தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே: 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே.' அதாவது, 'ஒடு' உயர்ந்தவர் பெயரோடுதான் சேரும். அரசனொடு இளையர் வந்தார் என்றால் உயர்ந்தவர் அரசன். அப்படியானால் 'முதியோரொடு ஆய்வாளர் ஆய்ந்தனர்' என்பதில் யார் உயர்ந்தவர்?

---

இலக்கணம் இனிக்கிறது. ஆனால் 'உடன்' என்றதும் எனக்கு 'உடனடி ஆய்வாளர்' என்றுதான் கேட்கிறது.

---

அந்த அம்மாவிடமே பட்டியலைக் காட்டினேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "பேரு எதுவானாலும் சரி, வந்துபோற செலவு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" என்றார். போட்டிருக்கவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பெயருக்கு இனி நேரமில்லை; முதலில் சொன்ன 'இணை ஆய்வாளர்' என்பதே அச்சுக்குப் போகிறது.

---

என் மறுப்பு நிற்கிறது. 'இணையாய்வாளர்' என்று சேர்த்தாவது அச்சிடுங்கள். இடைவெளி விட்டால் அந்தப் பதவி வாசனை போகாது.