சுகர், ஸ்டென்ட், இப்ப கொரோனாவும்: அம்மா ஒத்தையில பாக்காங்க, வழி சொல்லுங்க

கல்லிடை மகன் | 19 மே 2021, இரவு 9.40

வணக்கம். எனக்குச் சொந்த ஊரு கல்லிடைக்குறிச்சி, வேலை அம்பத்தூர்ல. அப்பாவுக்கு 68 வயசு. சுகர் 14 வருஷமா இருக்கு. இந்த ஜனவரியில ஹார்ட் அட்டாக் வந்து பாளையங்கோட்டையில வச்சு ஸ்டென்ட் போட்டோம். போன ஞாயித்துக்கிழமை கொரோனா பாஸிட்டிவ்னு வந்துட்டு. காய்ச்சல் 100, லேசா இருமல், ஆக்சிஜன் 96. வீட்டுல வச்சே பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதே வாரம் எனக்கும் பாஸிட்டிவ். மொட்டமாடி ரூம்ல தனியா கெடக்கேன், ஊருக்குப் போக வழியில்ல. அம்மாவுக்கு நெகட்டிவ். அவங்கதான் எல்லாம் பாக்காங்க.

இன்சுலின் காலையில 22 யூனிட், ராத்திரி 14. அப்பா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. ஒரு இட்லி, அரை தம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். "சாப்பிடாத மனுசனுக்கு ஊசி எதுக்கு"ன்னு அம்மா நிறுத்தப் பாக்காங்க. ஆனா மெஷின்ல 340, 365னு காட்டுது. சாப்பிடாமலே எப்படி ஏறுது? ஊசி வேற தீந்துபோயி, சித்தப்பா மகன் ரெண்டு மூணு கடை அலைஞ்சு ஆரஞ்சு மூடி போட்ட ஊசி ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்திருக்கான். அது வழக்கமா வாங்குறத விட மெல்லிசா, வலி இல்லாம இருக்காம்.

இன்னும் சில சந்தேகம். பிரஷருக்கு அப்பா போடுற டெல்மிசார்ட்டன் கொரோனாவைக் கூட்டும்னு வாட்ஸப்ல வருது, நிறுத்தணுமா? ஹார்ட் டாக்டர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி கூடாதுன்னு சொல்லியிருக்காரு, தெருவே மணிக்கொருதரம் வெந்நீர் குடிங்குது. யார் பேச்சக் கேக்க? அத்தான் ஒருத்தர் ஸ்டீராய்டு மாத்திரை பத்து வாங்கி வச்சுக்கிட்டு, இப்பவே ஆரம்பிச்சா நெஞ்சுச்சளி கட்டாதுங்காரு.

அப்பா சொல்லுறது ஒண்ணே ஒண்ணுதான், "ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க."

ரிட்டயர்டு சிஸ்டர் | 19 மே 2021, இரவு 10.25

தம்பி, அரசு ஆஸ்பத்திரியில 31 வருஷம் நர்ஸா இருந்து 2018ல வெளிய வந்தவ நான். முதல்ல அம்மாவுக்குப் போனப் போட்டு, ஊசிய நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. மிச்சத்தப் பொறவு படிக்கலாம்.

சாப்பிடாமலே சுகர் ஏறத்தான் செய்யும். உள்ள கிருமி புகுந்தா உடம்பு தானாவே சர்க்கரைய ரத்தத்துல எடுத்து விடும், இன்சுலினும் சரியா வேலை செய்யாது. அந்த நேரத்துல ஊசிய மொத்தமா நிறுத்துனா விபரீதம். சாப்பாடு குறைஞ்சதுக்கு அளவு மாத்தணுமான்னு டாக்டர்தான் சொல்லணும். போன்லயே கேளுங்க. 2020 மார்ச்சுலயே டெலிமெடிசினுக்கு வழிகாட்டுதல் வந்தாச்சு, போன்ல பாத்து எழுதித் தார சீட்டு செல்லும். சுகர் மாத்திரையில மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஏதும் இருக்கான்னு பாருங்க. வாந்தி, வயித்தாலை, சாப்பாடே இறங்கலன்னா இத ரெண்டையும் கொஞ்ச நாளு நிறுத்தச் சொல்லுவாங்க, அதையும் மறக்காம கேளுங்க. நாலு மணிக்கொருக்கா சுகர் பாத்துத் தினத்தாள் காலண்டர் கிழிச்ச தாள்ல, பின்னால எழுதச் சொல்லுங்க. தேதி அதுலயே இருக்கும், தனி நோட்டு தேட வேண்டாம்.

டெல்மிசார்ட்டன நிறுத்தாதீங்க. அந்த வதந்தி போன வருஷம் மார்ச்சுலயே கிளம்புச்சு. இருதய மருத்துவச் சங்கங்க அப்பவே நிறுத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஸ்டென்ட் வச்சு நாலு மாசம்தான் ஆகுது, அதுல ரத்தம் உறையாம இருக்கத் தார ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரு வேளை கூடத் தப்பக்கூடாது.

தண்ணிக்கு ஹார்ட் டாக்டர் சொன்னதுதான் கணக்கு. ஒரு சொம்புல ஒன்றரை லிட்டர் அளந்து காலையில வச்சிரணும். வெந்நீர், கஞ்சி, மோர், கபசுரக் குடிநீர் எல்லாம் அந்தக் கணக்குல சேத்தி. காய்ச்சல் கூடி வேர்த்தாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும் டாக்டர்ட்ட கேட்டுக் கூட்டலாம். தினமும் வெள்ளன எடை பாக்கணும். மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறுனாலோ, கணுக்கால்ல விரல வச்சு அமுக்குனா குழி நின்னாலோ உடனே சொல்லணும். உங்க ஊரு அப்பளத்தையும் கொஞ்ச நாளு மறந்திருங்க, அம்புட்டும் உப்பு.

ஸ்டீராய்ட அந்த அத்தானே வச்சுக்கிடட்டும். போன வருஷம் ஜூன்ல இங்கிலாந்து ஆராய்ச்சியில டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு பலன் குடுத்தது ஆக்சிஜன் வைக்க வேண்டி வந்தவங்களுக்குத்தான். 96 இருக்க ஆளுக்கு அது சுகரத்தான் ஏத்தும். இப்ப கருப்பு பூஞ்சைன்னு கேள்விப்படுதீங்கள்லா, கட்டுக்கடங்காத சுகரும் ஸ்டீராய்டும் சேருற எடத்துலதான் அது அதிகமா வருது.

உங்க அப்பா ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லுறதுக்கு ஒண்ணு சொல்லுதேன். என் தம்பி முக்கூடல்ல இருக்கான், சுகர்காரன். போன வருஷம் ஏப்ரல், ஊரடங்கு. ராத்திரி பத்து மணிக்கு வேர்க்குதுன்னான். நெஞ்சு வலியே இல்ல. மதினி வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்திருக்கா. துண்ட வச்சுத் தொடச்சுத் தொடச்சு, துண்டப் பிழிஞ்சா தண்ணி சொட்டிச்சாம். ரோட்டுல போலீஸ் நிக்கும், போனா கொரோனா வார்டுல போட்டுருவாங்கன்னு பயந்து விடியட்டும்னு இருந்துட்டாங்க. ஈசிஜி எடுக்கையில காலை பத்து மணி. உசுரோட இருக்கான், ஆனா மாடிப்படி ஏற முடியாது. சுகர்காரங்களுக்கு நெஞ்சு வலிக்காமலே அட்டாக் வரும். வேர்வை, மூச்சு முட்டு, திடீர்னு அசதி, தாடை இழுப்பு, இதுல எது வந்தாலும் கொரோனான்னு நெனச்சு உக்காராம 108க்கு அடிங்க. ஆக்சிஜன் 94க்குக் கீழ போனாலும் அப்படித்தான். ஜனவரி டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய ஈசிஜி, மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கதவுல மாட்டி வைங்க.

பனங்காட்டான் | 19 மே 2021, இரவு 11.02

சிஸ்டர் சொல்லுறது இங்கிலீஷ் வைத்தியம். எங்க ஆச்சி 90 வயசு வரைக்கும் இருந்தா. சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டு உடன்குடிக் கருப்பட்டியில காபி குடுங்க. கருப்பட்டி சுகருக்கு ஒண்ணும் செய்யாது.

ரிட்டயர்டு சிஸ்டர் | 19 மே 2021, இரவு 11.10

அண்ணாச்சி, சுக்கு மிளகு குடுங்க, வேண்டாங்கல. கருப்பட்டியும் இனிப்புதான், 365 இருக்க ஆளுக்கு ஆகாது. சுகர் 70க்குக் கீழ இறங்குனா மட்டும் குடுக்கலாம், அதுக்கும் மூணு டீஸ்பூன் சீனியக் கலக்கிக் குடுக்கதுதான் வெரசா வேலை செய்யும். கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். தம்பி, அப்பா மெட்டோப்ரோலால்னு ஹார்ட் மாத்திரை ஏதும் போடுதாங்களா? போட்டா சுகர் இறங்கையில கை நடுக்கம், படபடப்பு தெரியாமப் போகலாம். வேர்வை மட்டும் தெரியும். வேர்த்தா முதல்ல மெஷின எடுக்கச் சொல்லுங்க.

அம்பை மருந்துக்கடை | 20 மே 2021, காலை 6.15

எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. ஆனா அந்த ஆரஞ்சு மூடிய யாருமே கவனிக்கலயே. ராத்திரி படிச்சதுல இருந்து எனக்கு உறக்கம் வரல.

தம்பி, அப்பாவோட இன்சுலின் குப்பியில 40 ஐ.யு.ன்னு போட்டிருக்கா, 100 ஐ.யு.ன்னா? ஒரு மில்லி மருந்துல எத்தன யூனிட் இருக்குங்கிற கணக்கு அது. நம்ம பக்கம் குப்பியில போடுதவங்க முக்கால்வாசிப் பேரு 40தான். அதுக்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி 100க்கு. ஊசிக் கோடு மருந்துக்குத் தக்கன போட்டது. 40 மருந்த ஆரஞ்சு ஊசியில 22 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 0.22 மில்லி. அதாவது 9 யூனிட் கூட இல்ல. மருந்து குறையக் குறையப் போட்டுட்டு, ஏன் சுகர் இறங்கலன்னு கேட்டா எப்படி?

இதுவாவது பரவாயில்ல. தலைகீழா, 100 மருந்தச் சிவப்பு ஊசியில 22 இழுத்தா 55 யூனிட் போயிரும், ஆள எழுப்ப முடியாது. ஸ்டாக் இல்லன்னு ஏதோ ஒண்ண எடுத்துக் குடுக்கது எங்க தொழில்ல பெரிய தப்பு.

விட்டதையெல்லாம் சேத்து ஒரேயடியா ஏத்திராதீங்க. டாக்டர்ட்ட நடந்தத அப்படியே சொல்லி, சரியான ஊசியில எத்தன யூனிட்டுன்னு கேட்டுப் போடுங்க. பையன எட்டு மணிக்கு அனுப்புங்க, சிவப்பு மூடி பத்து எடுத்து வைக்கேன். கத்திரி வெயில் வேற. கரண்ட் போயி ஃபிரிட்ஜ் நின்னா, காருகுறிச்சி மண்பானை பெரிசு ஒண்ணுல ஈர மணலப் போட்டு, உள்ள சின்னப் பானையில குப்பிய வச்சு மூடுங்க. ஃப்ரீசர்ல மட்டும் வைக்காதீங்க, உறைஞ்ச இன்சுலின் வீண்.

ரிட்டயர்டு சிஸ்டர் | 20 மே 2021, காலை 6.40

ஆரஞ்சு மூடின்னு படிச்சேன், மண்டையில ஏறல. 31 வருஷ சர்வீஸ் வச்சுக்கிட்டு! அண்ணாச்சிக்குக் கும்பிடு.

கல்லிடை மகன் | 2 ஜூன் 2021, மாலை 5.20

பதில் போட இத்தன நாளாயிட்டு, மன்னிச்சுக்கோங்க.

குப்பியில 40தான் இருந்துச்சு. வீடியோ கால்ல அம்மா ரெண்டு ஊசியையும் சன்னல் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல பிடிச்சுக் காட்டுனாங்க. கண்ணாடி இல்லாம அவங்களுக்கு நம்பர் தெரியாது. பழைய ஊசியில எண்ணுற மாதிரியே இதுலயும் கோட்ட எண்ணியிருக்காங்க. டாக்டர் காலையில 20, ராத்திரி 12னு மாத்துனாரு. மூணே நாள்ல 190க்கு வந்துச்சு.

ஆனா 25ஆம் தேதி ராத்திரி ஆக்சிஜன் 92. அப்பா "விடியட்டும்"னாங்க. அம்மா ஒத்த வார்த்த பேசல, கதவுல மாட்டுன பைய எடுத்துக்கிட்டு 108க்கு அடிச்சுட்டாங்க. ஆறு நாள் ஆக்சிஜன். அங்க ஸ்டீராய்டு போட்டாங்க. மத்தியானத்துக்கு மேல சுகர் எகிறும், அதுக்குத் தக்கன ஊசியக் கூட்டிக் குறைச்சுப் பாத்தாங்க. டூட்டி டாக்டர் அம்மாவோட காலண்டர் தாள வாங்கித்தான் முதல்ல படிச்சாராம். நேத்து வீட்டுக்கு வந்தாச்சு. கருப்பு பூஞ்சை பயத்துக்கு, மூக்கடைப்பு, கன்ன வலி, கண்ணு வீக்கம் ஏதும் வருதான்னு தினமும் பாக்கச் சொல்லியிருக்காங்க. நான் நாளைக்கு ஊருக்குக் கிளம்புறேன். அப்பா உளுந்தங்கஞ்சி கேட்டுருக்காங்க, கருப்பட்டி இல்லாம.

ஒரு கேள்வி. பாக்கெட் பிரிக்காத ஆரஞ்சு மூடி ஊசி ஏழு மிச்சம் இருக்கு. காசு குடுத்து வாங்குனதுன்னு அம்மா அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்துல பத்திரமா வச்சிருக்காங்க. கடையில திருப்பி எடுப்பாங்களா அண்ணாச்சி?

அம்பை மருந்துக்கடை | 2 ஜூன் 2021, மாலை 6.05

ஊசி திருப்பி எடுக்க மாட்டோம் தம்பி. ஆனா அது அந்த வீட்டுல இருக்கவே கூடாது. வரும்போது கொண்டாங்க, 100 மருந்து போடுதவங்களுக்குச் சும்மா குடுத்திருவோம். அம்மாட்ட நான் சிவப்பு மூடி ஏழு தந்ததா சொல்லிருங்க.