மறு: நீதிமன்ற விளையாட்டின் இரண்டு பொத்தான்கள் – ‘துருவு’, ‘மடக்கு’

வணக்கம்.

ஏஸ் அட்டர்னி என்கிற நீதிமன்ற வீடியோ கேமின் தமிழாக்கத்துக்கு வந்த சொற்பட்டியலில் முதல் பொத்தானுக்கு ‘அழுத்து’, இரண்டாவதற்கு ‘சமர்ப்பி’ என்று இருக்கிறது. பொத்தான் மேலேயே ‘அழுத்து’ என்று எழுதியிருந்தால் ஆடுகிறவர் வேறென்ன செய்வார், அழுத்தத்தான் செய்வார். ‘சமர்ப்பி’ வருமானச் சான்றிதழுக்கு மனு போடுகிற இணையதளத்திலேயே இருக்கட்டும். மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த இரண்டு வேலையும் தினமும் என் கண் முன்னால் நடக்கின்றன. என் பரிந்துரை ‘துருவு’, ‘மடக்கு’.

விளையாடாதவர்களுக்காக: இது 2001இல் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்காகக் காப்காம் வெளியிட்டது. எழுதி இயக்கியவர் ஷூ தகுமி. நாம் பீனிக்ஸ் ரைட் என்ற கத்துக்குட்டி வக்கீல். சாட்சி சொல்வது வரி வரியாகத் திரையில் வரும். எந்த வரியிலும் நிறுத்தி மேலே கேட்கலாம், அது முதல் பொத்தான். கையில் இருக்கும் சான்று ஏதாவது அந்த வரியோடு முட்டினால் எடுத்து நீட்டலாம், அது இரண்டாவது. தப்பாக நீட்டினால் நீதிபதி ஒரு புள்ளி பிடுங்குவார். இருப்பதே ஐந்து புள்ளி, ஐந்தும் போனால் வழக்கு போச்சு.

முதல் வழக்கைப் பாருங்கள். கொலைகாரன் யாரென்று தொடக்கக் காட்சியிலேயே காட்டிவிடுவதால் நான் எதையும் கெடுத்துவிடவில்லை. பகல் 1 மணிக்குப் பிணத்தைப் பார்த்தேன் என்கிறான் சாட்சி. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ சாவு 4 மணிக்குமேல் என்கிறது. கேட்டால், டிவியில் நேரம் சொன்னார்கள் என்கிறான். அந்த நேரத்தில் அங்கே கரண்டே இல்லை, அதற்குப் பதிவு இருக்கிறது. இப்படியே நெருக்கிக்கொண்டு போனால் கொலைக்குப் பயன்பட்ட சிலையே பேசும் கடிகாரம், அவன் கேட்ட நேரம் அது சொன்னதுதான் என்று வெளியே வருகிறது. அது 3 மணி நேரம் பின்னால் ஓடவில்லை, செத்துப்போனவர் பாரிஸிலிருந்து அப்போதுதான் வந்தவர் என்பதால் 9 மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்கிற இடம் இருக்கிறதே, அட்டகாசம்.

கரண்ட் விஷயம் வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் பக்கத்துக் கொலை வழக்குகளில் ராத்திரிச் சம்பவம் என்றால் முதல் சண்டையே வெளிச்சத்துக்குத்தான். தெருவிளக்கில் பார்த்தேன் என்று சாட்சி சொன்னால், அன்றைக்கு மின்தடை இல்லை என்று சொல்ல மின்வாரியத்திலிருந்து ஒருவர் கூண்டேறுவார். கம்பம் எத்தனை அடி தள்ளி இருந்தது, நடுவில் மரம் உண்டா, பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) அந்த விளக்கு இருக்கிறதா, மாதிரி வரைபடத்தில் ஏன் இல்லை என்று எங்கள் சீனியர் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்பார். அது துருவுவது. சாட்சி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி நிமிர்ந்த பிறகு, ‘போலீஸ் விசாரணையில் தெருவிளக்கு என்ற பேச்சே நீங்கள் எடுக்கவில்லையே’ என்று வாக்குமூலத்தைத் தூக்குவார். அது மடக்குவது. சாயங்காலம் டீக்கடையில் ‘மடக்கிட்டாருய்யா’ என்போம். சமர்ப்பித்துவிட்டார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜப்பானிய மூலத்தில் முதல் பொத்தான் ‘உலுக்கு’ என்கிற மாதிரி ஒரு வினை, இரண்டாவது முகத்துக்கு நேரே நீட்டுவது. நம் சொற்கள் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

மற்ற வழக்குகளிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் வக்கீலே குற்றவாளிக் கூண்டில் நிற்பார், பொருந்துகிறது. மூன்றாவது படப்பிடிப்புத் தளத்தில் நடக்கும் கொலை, இழுவை. அங்கே மடக்குவதைவிட அலைவதுதான் அதிகம். நான்காவதில் ஒரு கிளியைக் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். கிளியைத் துருவலாம், மடக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மீனாட்சி ஊர்க்காரனிடம் கிளியைப் பற்றி ஆட்சேபணை எழுப்பாதீர்கள். அதே வழக்கில் 15 வருடக் காலவரம்பு முடிவதற்குள் பழைய கொலையை நிரூபிக்க வேண்டும் என்று பதற்றம் காட்டுவார்கள். இந்தியாவில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது, ஜப்பானும் 2010இல் எடுத்துவிட்டது. அதனால் அங்கே ஒரு வரி விளக்கம் வேண்டும்.

இரண்டாவது பொத்தானுக்குச் ‘சிலம்புடை’ என்று பரிந்துரைத்த நண்பருக்கு: மதுரைக்காரன் ஓட்டு உறுதி என்று நினைத்திருப்பீர்கள். பாண்டியன் முத்து என்றான், கண்ணகி மாணிக்கம் என்றாள், உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. இதைவிடச் சுத்தமாக யாரையும் மடக்க முடியாதுதான். ஆனால் அங்கே சான்றும் உடைந்துபோகிறது, நீதிபதியும் செத்துப்போகிறார். நமக்கு அதே சான்றை அடுத்த சாட்சியிடமும் நீட்ட வேண்டியிருக்கிறது.

விளையாட்டில் சான்றை நீட்டும்போது வக்கீல் கத்துகிற சத்தத்துக்கு ‘ஆட்சேபணை’ சரியா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். நிஜக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் கேள்வியைத்தான் ஆட்சேபிப்பார்கள், சாட்சி சொல்லும் பதிலைப் பார்த்து இப்படிக் கத்துவதில்லை.

-----

அண்ணே, ‘துருவு’ எனக்குச் சம்மதம். ‘மடக்கு’ ஓரிடத்தில் இடிக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே துப்புத் தேடும்போதும் இதே பொத்தான்தான். காவலரிடம் வக்கீல் பேட்ஜை எடுத்துக் காட்டும்போது யாரை மடக்குகிறோம்? பேசாமல் ‘முரண்காட்டு’ என்று வைத்துவிடலாமா?

-----

தம்பி, பேட்ஜ் காட்டுகிற இடத்தில் முரணும்தான் இல்லையே! ‘முரண்காட்டு’ எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. பரபரப்பான நேரத்தில் கண்ணில் பட்டதும் விரல் போகாது. வெளியே ‘காட்டு’, கூண்டில் சாட்சி நிற்கும்போது ‘மடக்கு’ என்று பிரித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த இரண்டும் தனித்தனி வரியா, ஒரே வரியைத்தான் இரண்டு இடத்திலும் எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்துச் சொல். ஒரே வரி என்றால் ‘நீட்டு’. அதற்குமேல் நான் இறங்கி வர மாட்டேன்.